இடித்த இடத்தைப் பெருக்காதே

அது மட்டுமா கோமதி, அந்த ஃபிளாட்டு மூன்றாவது மாடி அம்மா இப்போது குப்பையைப் பையில் போட்டு, கயிற்றில் கட்டி, பால்கனியிலிருந்து இறக்குகிறாளாம். நம் பெண்கள் கீழே நின்று பிடித்துக்கொள்ள வேண்டுமாம். லிஃப்டில் குப்பை வாடை வரக்கூடாது, நம் தலைமேல் வரலாம். என் காலத்தில் இறக்கியிருந்தால் கயிற்றோடு சேர்த்து இழுத்திருப்பேன். சரி, உட்கார். உன்னோடு வேலைக்குச் சேர்ந்த இந்த இரண்டு பேரையும் உட்காரச் சொல். நான் பதினெட்டு வருடம் பெருக்கிய தெருவையே உங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எதிர்வீட்டில் இருந்துகொண்டு அதைச் சொல்ல உனக்கு இத்தனை நாளா?

அந்த ஃபிளாட்டின் கீழே ஒரு நீலக் கார் நிற்குமே, துணி போட்டு மூடி வைத்திருப்பார்களே, பார்த்தாயா? பார்த்திருப்பாய். அந்தத் துணியைக்கூட வாரம் ஒருமுறை துவைப்பார்கள். அந்தக் காரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். துடைப்பத்தை எப்படிப் பிடிப்பது, தள்ளுவண்டியை மேட்டில் எப்படி ஏற்றுவது என்றெல்லாம் நான் சொல்ல வேண்டாம், ஒரு வாரத்தில் உங்கள் முதுகே சொல்லிக்கொடுத்துவிடும். எப்போது பெருக்கக் கூடாது என்பதைத்தான் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. அதனால்தான் ஒருவனுடைய பிழைப்பை என் கையாலேயே வாரி முறத்தில் போட்டேன்.

நான் வேலையை விடுவதற்கு ஒரு வருடம் முன்பு நடந்தது. கள்ளிக்குப்பத்தில் நம் தெரு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் ஃபிளாட்டின் நீளமான மதில் சுவர், அதை ஒட்டிச் சாக்கடை மூடிகள். எதிர்ப்பக்கம் டிரான்ஸ்ஃபார்மர், அதன் அடியில் மண் தரை. நடுவில் ஒரு வேகத்தடை. அந்த வேகத்தடையில் சுவர்ப் பக்கத்து முனை உடைந்து போயிருக்கும். அந்த இடைவெளியில் சக்கரத்தை விட்டால் குலுங்காமல் போகலாம். அதனால் எதிரிலிருந்து வருகிற கார்க்காரன்கூடத் தன் பக்கத்தை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் வளைந்து வந்து அந்தச் சந்தில் நுழைவான். வண்டியின் வயிறு தேயக்கூடாதாம். எதிரில் வருபவன் வயிறு எப்படிப் போனால் என்ன?

திங்கட்கிழமை காலை, ஏழரை இருக்கும். நான் தெரு முனையில் பெருக்கிக்கொண்டிருந்தேன். ‘டமார்’ என்று சத்தம். துடைப்பத்தோடு ஓடினேன். சுவர்ப் பக்கம் ஒரு வாடகை டாக்சி, அதன் மூக்கில் இந்த நீலக் கார். டாக்சியின் முன் லைட் ஒன்று சுக்கல், பக்கத்து விளக்கின் ஆரஞ்சு நிறத் துண்டுகள் சாக்கடை மூடி வரைக்கும் சிதறியிருந்தன. யாருக்கும் அடி இல்லை.

டாக்சி ஓட்டியவன் முருகன். நம் பக்கத்துப் பையன்தான், கல்யாணமாகி இரண்டு குழந்தை. டாக்சி அவனுடையது இல்லை. பூந்தமல்லியில் ஓர் ஓனர், அவரிடம் ஆறு வண்டி. எந்த வண்டியிலாவது டிரைவர்மேல் தப்பு என்று வந்தால் அன்று சாயங்காலமே சாவியை வாங்கிக்கொள்வார். வேறு பேச்சே கிடையாது. நீலக் காரிலிருந்து இறங்கியவர் அந்த ஃபிளாட்டுக்காரர், பெரிய கம்பெனியில் வேலை, கழுத்தில் அடையாள அட்டை. இப்போதைக்கு ‘அவர்’ என்றே சொல்கிறேன். போகப்போக வாயில் எப்படி வருகிறதோ பார்ப்போம்.

“இன்னா சார் இது? ஒம் பக்கம் அந்தாண்ட கீது, நீ இந்தாண்ட இன்னா பண்ற?” என்றான் முருகன்.

“மரியாதையா பேசு. நீதான் ஸ்பீடா வந்த.”

“நானா ஸ்பீடு? இந்த ரோட்ல நான் வந்த வேகத்துக்கு எருமமாடு என்ன ஓவர்டேக் பண்ணிக்கினு பூடும் சார். இன்சூரன்ஸ் எடு, பாக்கலாம்.”

“வீட்ல இருக்கு.”

“ஊடு இதோ கீதே! மேல போய் எடுத்துக்கினு வா, நான் நிக்கிறேன்.”

அவர் நகரவில்லை. முருகன் செல்போனை எடுத்து நீலக் காரின் நம்பரைத் தட்டினான். இப்போதெல்லாம் அதிலேயே எல்லாம் தெரிந்துவிடுகிறதே. பார்த்தான், சிரித்தான்.

“சார், இது முடிஞ்சி எட்டு மாசம் ஆவுது.”

எட்டு மாதம்! அந்த ஃபிளாட்டில் நாய்க்குக்கூட வருடம் தவறாமல் ஊசி போடுகிறார்கள். காருக்குத் துணி இருக்கிறது, வாசனைப் புட்டி இருக்கிறது, டேஷ்போர்டில் வெள்ளிப் பிள்ளையார் இருக்கிறார். இன்சூரன்ஸ் இல்லை. அந்த எட்டு மாதத்தில் அந்தக் கார் யாராவது ஒருவர் காலில் ஏறியிருந்தால்? நானே அந்தத் தெருவில் குனிந்தபடி நிற்கிறவள்.

அதற்குப் பிறகு அவர் குரல் மாறியது. “தம்பி, சின்ன அடிதானே. உன் வண்டிய நீ பாத்துக்கோ, என் வண்டிய நான் பாத்துக்கறேன். எதுக்கு ஸ்டேஷன், கேஸெல்லாம்?”

“வண்டி என்னுது இல்ல சார். ஓனர கேட்டுட்டு சொல்றேன்.” உடைந்த லைட்டை மட்டும் கிட்டே போய் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, சத்தம் இல்லாத இடமாகப் பார்த்துத் தெரு முனைக்குப் போனான் முருகன்.

அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் அவர் என்னிடம் வந்தார். “அம்மா, நீங்க கொஞ்சம் இத பெருக்கிடுறீங்களா? ஸ்கூல் வேன் வர்ற நேரம். குழந்தைங்க கால்ல குத்திடும் பாருங்க.”

கேட்டீர்களா? ‘அம்மா’. ‘நீங்க’. அந்த ஃபிளாட்டிலிருந்து அதுவரைக்கும் எனக்கு வந்த வார்த்தை ‘ஏய் குப்பை’ ஒன்றுதான். ‘குப்பை வண்டி வந்துருக்கு’ என்று சொல்லக்கூட மாட்டார்கள், ‘குப்பை வந்துருக்கு’ என்பார்கள். நான் வந்தால் குப்பை வந்ததாம். அப்படிப்பட்ட இடத்திலிருந்து ஒருவர் வந்து ‘நீங்க’ என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குழந்தைகள் என்று வேறு சொல்லிவிட்டார். “அதுக்கின்னா சார், அஞ்சி நிமிசம்” என்று புடவையைத் தூக்கிச் செருகினேன். அதை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நாம் எப்படிப் பெருக்குவோம் என்று உங்களுக்கே தெரியும். ஒவ்வொருத்திக்கும் தெருவில் குவியல் வைக்கிற இடம் என்று இருக்கும். அங்கங்கே கூட்டி வைத்துவிட்டு, திரும்பி வரும்போது அள்ளுவோம். என் குவியல் இடம் டிரான்ஸ்ஃபார்மர் அடி. கண்ணை மூடிக்கொண்டு பெருக்கினாலும் என் கை அங்கேதான் கொண்டுபோய்ச் சேர்க்கும். சுவர்ப் பக்கம் கிடந்த கண்ணாடி, பிளாஸ்டிக், ஆரஞ்சுத் துண்டு எல்லாவற்றையும் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் தள்ளி, டிரான்ஸ்ஃபார்மர் அடியில் அழகாகக் குவித்தேன். பிறகு கண்ணாடிக்கென்று தனியாக ஒரு சிமெண்ட் சாக்கு எடுக்கத் தள்ளுவண்டிக்குப் போனேன். மற்றக் குப்பையோடு கண்ணாடியைச் சேர்த்தால் பிரிக்கிறவள் கை போய்விடும், அதை மட்டும் மறக்காதீர்கள்.

சாக்கோடு வருகிறேன், அவர் காரைத் தன் பக்கமாக, அந்த டிரான்ஸ்ஃபார்மர் பக்கமாக, நகர்த்தி நிறுத்தியிருக்கிறார். கையில் செல்போன். ஷூக் காலால் என் குவியலை ஓர் உதை.

“இன்னா சார், இப்பதான் கூட்டி வச்சேன், ஒதைக்கிற?”

“சாரிம்மா, தெரியாம பட்டுடுச்சு.”

தெரியாமல் பட்டதாம்! அப்போது நம்பினேன். இறைந்ததை மறுபடியும் குனிந்து கூட்டி, சாக்கில் அள்ளிக் கட்டினேன்.

முருகன் திரும்பி வந்தான். “சார், ஓனரு ஸ்டேஷன்ல எழுதிக்கினு வரச் சொல்றாரு.”

“போலாமே!” இப்போது வேறு குரல். “நீ என் பக்கம் வந்து என் வண்டிய இடிச்சுட்டு, அந்தப் பக்கம் நகத்தி நிறுத்திருக்க. எல்லாக் கண்ணாடியும் என் பக்கம் கெடக்கு. போட்டோ இருக்கு. உன் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குல்ல? அதுலேருந்து என் வண்டிக்கும் சேத்து வாங்கறேன் பாரு.”

புரிகிறதா? தன்னிடம் இல்லாததை அடுத்தவனிடமிருந்து பிடுங்கப் பார்த்தான். ஆமாம், ‘அவன்’தான். வந்துவிட்டது பார், நான் என்ன செய்வேன்.

முருகன் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தான். சோறு தின்று கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது தெரு. “ஆயா, இங்க கெடந்த கண்ணாடி எங்க?”

“வாரிட்டேன் நைனா.”

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என் கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்தான், அவ்வளவுதான். எனக்குப் பிழைப்பைக் கொடுத்த துடைப்பம் அது. அந்த நிமிடம் அதை நடுத்தெருவில் போட்டுக் கொளுத்திவிடலாம் போல இருந்தது.

இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். நான் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, சாட்சி சொல்லப் போகிறேன் என்றேன். “உனுக்கு இன்னாத்துக்கு ஊரு வம்பு? அந்தாளு அந்த ஃபிளாட்டு அசோசியேஷன்ல பெரிய கை. நீ காண்ட்ராக்ட். நாளைக்கு அட்டனன்ஸ் போன்ல ஒம் மூஞ்சி ஏறாது பாத்துக்க” என்றான். காலையில் நாம் முகத்தைக் காட்டினால்தான் வருகை ஏறும் அந்தப் போனில். அவன் கையில்தான் அது இருக்கும். அவன் பயப்படுவது அந்த ஃபிளாட்டுக்கு, பயமுறுத்துவது என்னை. “ஏறலன்னா போவட்டும், அந்த மூஞ்சிய கண்ணாடில பாக்கறது நாந்தான?” என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஸ்டேஷன் வாசலில் ரைட்டர் கத்தினார். “ஏ, குப்பைய எங்க எடுத்துக்கினு வர்ற?”

“குப்பை இல்ல சார், கேசு.”

உள்ளே முருகன் சுவரோரம் நிற்கிறான். நீலக் கார்க்காரன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். அதுவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரைட்டர் கேட்டார், “நீ இடிச்சத பாத்தியா?”

“பாக்கல சார். சத்தந்தான் கேட்டேன்.”

“அப்பறம் இன்னா சாட்சி?”

நாற்காலியில் இருந்தவன் சிரித்தான். “சார், குப்பை அள்றவங்கள்லாம் சாட்சி சொல்ல வந்தா நாம வேலை பாத்த மாதிரிதான்.”

காலையில் ‘அம்மா, நீங்க’ என்ற வாய், கோமதி. அதே வாய். பதினேழு வருடத்துக் கோபமும் அங்கேதான் வந்தது எனக்கு. “ஏன் சார், காலைல பெருக்கச் சொல்லக் கூப்புட்டப்ப நான் யாரு? கலெக்டரா? ஒனக்கு வேல ஆவணும்னா அம்மா, ஆயிட்டா குப்பையா?” என்று நான் போட்ட சத்தத்தில் உள்ளறையிலிருந்து எஸ்.ஐ. அம்மா வெளியே வந்துவிட்டார். சின்ன வயசுதான். முருகனை ஒரு பார்வை, அவனை ஒரு பார்வை, என் சாக்கை ஒரு பார்வை.

“போட்டோல கண்ணாடி அவர் பக்கம்தானம்மா கெடக்குது?”

“அது கெடக்கல மேடம். நான் வச்சது. டிரான்ஸ்பார்மர் அடில வைக்கிறதுதான் எம் பழக்கம். வச்சத இவரு கால்ல ஒதைச்சி எறைச்சிட்டு போட்டோ புட்ச்சிக்கினாரு.”

“அதுக்கு ஆதாரம் வேணுமே. நீங்கதான் பெருக்கிட்டீங்களே.”

அவரும் ‘நீங்க’ என்றார். இந்தத் தடவை உச்சி குளிரவில்லை. யோசித்தேன். தெருவை ஒருமுறை மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன், சுவர்ப் பக்கம், வேகத்தடை ஓரம், சாக்கடை மூடி. அப்போதுதான் பொறி தட்டியது.

“மேடம், தொடப்பம் பெரிய துண்டத்தான் வாரும். கண்ணாடி ஒடையறப்ப மாவு மாதிரி விழும் பாருங்க, அத ஒரு மாசம் பெருக்கினாலும் எடுக்க முடியாது. தார் வெடிப்புல போய் ஒக்காந்துக்கும். இடிச்ச எடத்துல மாவு கீது. கொட்டி வச்ச எடத்துல மாவு இருக்காது. வாங்க, காட்டறேன்.”

ரைட்டர் முனகினார். நீலக் கார்க்காரன் வாட்சைப் பார்த்தான். எஸ்.ஐ. அம்மா நேரே போய் ஜீப்பில் ஏறினார். என்னையும் ஏறச் சொன்னார், சாக்கோடு.

பன்னிரண்டு மணி வெயில். தெருவில் வண்டிகளை ஓர் ஓரமாக நிறுத்தினார்கள், ஃபிளாட் பால்கனி எல்லாம் தலை. நான் முதலில் டிரான்ஸ்ஃபார்மர் அடிக்குப் போனேன். பாட்டில் தண்ணீரில் உள்ளங்கையை நனைத்துத் தரையில் ஒற்றி எடுத்துக் காட்டினேன். மண். வெறும் மண். கொஞ்சம் தள்ளி, இன்னும் கொஞ்சம் தள்ளி, அவன் கார் நின்ற இடத்துத் தாரிலும் ஒற்றினேன். ஒன்றும் இல்லை.

பிறகு சுவர்ப் பக்கம் வந்தேன். உடைந்த வேகத்தடைக்குப் பக்கத்தில், தார் பிளந்திருக்கிற இடத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, இன்னொரு கையை நனைத்து அழுத்தினேன். சுரீர் என்றது. எடுத்து வெயிலில் காட்டினேன். உள்ளங்கை முழுக்க மினுமினு என்று, சரிகைப் பொடி தூவினது போல. கொண்டை ஊசியைக் கழற்றிச் சாக்கடை மூடியின் துளையைக் கிண்டினேன். ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாக வந்தது. எஸ்.ஐ. அம்மா தானும் குந்தி உட்கார்ந்து, விரலால் தொட்டுப் பார்த்தார். போன் எடுத்துப் படம் பிடித்தார், என் கையை, துளையை, அந்தப் பக்கத்து மண்ணை, எல்லாவற்றையும்.

“ஏன் சார், உங்க பக்கம் இடிச்ச வண்டியோட பொடி இங்க எப்படி வந்துச்சு?”

“காத்துல வந்திருக்கும் மேடம்.”

“இங்கேருந்து அங்க ஒரு பொடிகூடப் போகல. அங்கேருந்து மட்டும் இங்க வருமா? இன்சூரன்ஸ் எங்க?”

“ரின்யூ பண்ணணும்னு இருந்தேன் மேடம், வேலை பிஸி...”

முருகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான், வியர்வை போல.

அந்த இடத்திலேயே எழுதினார்கள். டாக்சி தன் பக்கத்தில் வந்தது, நீலக் கார் வளைந்து வந்து இடித்தது, அதற்கு இன்சூரன்ஸ் இல்லை. எழுதுவதை ரைட்டர் வாய்விட்டுப் படித்தார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. எஸ்.ஐ. அம்மா என்னிடம், “ஆயா, முடிஞ்சுது, இந்தப் பொடியக் கழுவி விட்டுடுங்க, டிராஃபிக் நிக்குது” என்றார்.

நான் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினேன். “அவரு கையெழுத்து போடட்டும் மேடம். அப்பறம் கழுவறேன்.”

பால்கனியில் யாரோ சிரித்தார்கள். எஸ்.ஐ. அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டான், ஜீப்பின் மூக்கில் பேப்பரை வைத்து. அடுத்து என் முறை. ரைட்டர் மைப் பெட்டியை நீட்டினார். நான் கட்டைவிரலை ஒற்றுவதைப் பார்த்துவிட்டு அவன் மெல்லச் சொன்னான், “கைநாட்டு.”

“ஆமா சார். இது ஒன் இன்சூரன்சு மாதிரி முடிஞ்சி பூடாது.”

பால்கனியில் கைதட்டினார்கள் கோமதி! குப்பையை மேலிருந்து போடுகிற கைகள்! அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, என் மகள் பிரசவத்துக்கு அடுத்தபடி அதுதான். ஆனால் சந்தோஷம் அந்த ஒரு மத்தியானம்தான். மீதி எல்லாம் ஆத்திரம். அவனுக்கு அபராதம் போட்டார்கள், முருகன் வண்டிக்கு லைட்டும் அவனே மாற்றிக் கொடுத்தான், சாவி முருகனிடமே இருந்தது. அடுத்த வாரம் அசோசியேஷனிலிருந்து கடிதம் வந்தது, நான் தெருவைச் சரியாகப் பெருக்குவதில்லை, வம்பு பேசுகிறேன் என்று. இரண்டு மாதம் என்னைக் கால்வாய் ஓரம் போட்டார்கள். சரியாகப் பெருக்குவதில்லையாம்! நான் சரியாகப் பெருக்கித் தொலைத்ததால்தானே அத்தனை வினையும்?

அதைச் சொல்லி முருகனிடம் புலம்பினேன். ஒருநாள் டாக்சியில் ஏற்றிக்கொண்டு திருவேற்காடு கோயிலுக்குக் கூட்டிப்போனான். வழியில் சொன்னான், “நீ அன்னிக்கி பெருக்காம சும்மா இருந்திருந்தன்னா நான் ஸ்டேஷன்ல சொவத்தோரம் நின்னுருக்க மாட்டேன் ஆயா.” சிரித்துக்கொண்டுதான் சொன்னான். உண்மையைத்தானே சொன்னான்! அதனால் எனக்கு அவன்மேல் கோபமே வரவில்லை. அன்று சாமியிடம்கூட வேறொன்றும் கேட்கவில்லை, கைகட்டி நின்றுவிட்டு வந்தேன்.

அதனால் மூன்று பேரும் கேளுங்கள். வண்டி இடித்த இடத்தில் துடைப்பத்தைச் சாத்திவிட்டு நில்லுங்கள். குழந்தைகள் வந்தால் கையைப் பிடித்துச் சுற்றிக் கொண்டுபோய் விடுங்கள், பெருக்காதீர்கள். இரண்டு பக்கத்துக்காரனும் வந்து, இரண்டு பேரும் போட்டோ எடுத்து, இரண்டு பேரும் சரி என்று சொல்லும் வரைக்கும் ஒரு குச்சிகூட அசையக் கூடாது. சூப்பர்வைசர் கத்துவான். கத்தட்டும். ஒருத்தன் மட்டும் தனியாக வந்து, சிரித்து, அம்மா, அக்கா என்று அழைத்து, கொஞ்சம் சீக்கிரம் என்றால், அவனுடைய கையைப் பார்க்காதீர்கள், அவன் காலைப் பாருங்கள், எங்கே நிற்கிறான், எதை மறைத்துக்கொண்டு...

இரு, இரு. ஹாரன் கேட்கிறதா? தண்ணி லாரி. இன்றைக்கு இத்தனை சீக்கிரம் வந்து தொலைத்திருக்கிறான். அந்த நீலக் குடத்தை எடு கோமதி, நீ முன்னால் ஓடி வரிசையில் வை, நான் பின்னால் வருகிறேன். ஏய், எவடி அது, எங்க குடத்த தள்ளி வைக்கிறது?